ஆறு பேர், ஐந்து சைக்கிள்

பர்காவைத் தாண்டிய மண்பாதையில்
வெள்ளிக்கிழமை, வெயில் விழிக்குமுன்
பிக்கப்பிலிருந்து சைக்கிள்களை இறக்குகிறார் அன்சாரி.
ஒன்றில் கியர் உண்டு. ஒன்றில் இருந்தது.
இரண்டு, ஊரோடு போய்விட்டவர்கள் விட்டுப்போனவை.
ஐந்தாவது என் மகளுடையது.
பெரியவர் யார் ஏறினாலும்
முழங்கால் மோவாயை இடிக்கும்.

நாங்கள் ஆறு பேர்.
ஆகவே வாராவாரம் ஒருவர் நடக்க வேண்டும்.
சீட்டுக் குலுக்கினோம். வயதுப்படி வைத்துப் பார்த்தோம்.
போன வாரம் கடைசியாகச் சாப்பிட்டு முடித்தவர் என்றும்
ஒரு சட்டம் கொஞ்சநாள் இருந்தது.
நடப்பவர் பாவம் என்றுதான் நினைத்தோம்,
டீக்கடையில் கூடும்போது
சொல்வதற்கு அவரிடம் மட்டுமே ஏதாவது இருக்கிறது
என்பதைக் கவனிக்கும்வரை.

என் முறையில் எனக்குக் கிடைத்தவை:
வேலிக்குப் பின்னால் குதிரைமசால் அறுபடும் சத்தம்,
பம்புசெட் டீசலை மீறி எலுமிச்சம்பூ,
பேரீச்சையில் உட்கார்ந்திருந்தாலும்
பனங்காடை என்றே நான் கூப்பிடும் அந்த நீலம்.
காஃப், காஃப் என்கிறார்களே, அது
நம்ம வன்னி மரம் என்று தெரிந்த அன்று
ஞானதுரைக்குப் போன் போட்டேன்.
இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருந்தார்.
"இதைச் சொல்லவா கூப்பிட்டே?" என்றார்.
என்றாலும் திரும்பி மிதித்து வந்து
மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் போனார்.

இன்று சீட்டுக்குக் காகிதம் கிழிக்குமுன்
"நான் நடக்கிறேன்" என்றாள் சபீதா.

நேற்று மாலை அவள் கிளினிக்கில் கடிதம் கொடுத்தார்கள்.
லேபை மூடுகிறார்களாம்.
தேதி இருந்தது, முத்திரை இருந்தது,
பதினோரு வருடம் என்பது மட்டும் எந்த வரியிலும் இல்லை.
வண்டியில் வரும்போது சொன்னாள்,
சிப்ஸ் நொறுக்கிப் போட்ட பரோட்டாவைச் சுருட்டிக்கொண்டே,
இன்றைக்குக் காரம் தூக்கல் என்கிற குரலில்.
அன்சாரி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டினார்.

வழக்கம்போல முன்னால் போனோம்.
முதல் திருப்பத்தில் ஒருவரும் திரும்பவில்லை.
ஆளுக்கொரு காரணம்: ஒருவருக்குச் செருப்பு வார்,
ஒருவருக்குத் தண்ணீர், எனக்குக் கண்ணில் தூசி.
என் கணவர்தான் சொன்னார்,
"ஸ்லோ ரேஸ் விடலாமா?"

பள்ளிக்கூட விளையாட்டு விழா ஞாபகம் இருக்கிறதா,
சுண்ணாம்புக் கோட்டுக்குள் மெதுவாகப் போக வேண்டும்,
கடைசியாக வருபவருக்கு எவர்சில்வர் டம்ளர்,
கால் ஊன்றினால் அவுட்.
சபீதாவை யாரும் தாண்டக் கூடாது என்பது
நாங்கள் சொல்லாமல் சேர்த்த விதி.

வேகமாகப் போவதற்குக் கால் இருந்தால் போதும்.
ஒரு மனுஷியின் நடைக்குப் பின்னால் போக
இடுப்பு, தோள், மூச்சு, ஹேண்டிலில் நடுங்கும் விரல்
அத்தனையும் வேண்டியிருந்தது.
ஞானதுரை ஊரின் முன்னாள் சாம்பியனாம்.
வாய்க்கால் மேட்டிலிருந்து நேராகக் குதிரைமசாலில் சாய்ந்தார்.
அரிவாளோடு நின்ற ரஃபிகுல்
வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சபீதா சிரிக்கவில்லை.
நின்று, திரும்பி, இடுப்பில் கை வைத்து,
ரத்தக்குழாய் கிடைக்காத நோயாளியை அதட்டுவதுபோல
"ஊன்றியாச்சு! பார்த்தேன்! அவுட்!" என்றாள்.
அதன்பிறகு பின்னோக்கியே நடந்தாள்,
எங்கள் கால்களை விட்டுக் கண்ணெடுக்காமல்.
மகள் ஜெயித்தாள். டம்ளர் பாக்கி.

பத்து மணி வெயிலில் சைக்கிள்களை ஏற்றினோம்.
அன்சாரி கயிறு கட்டியபடி எண்ணினார்: அஞ்சு.
பிறகு தலைகளை எண்ணினார், ஆறில் கொஞ்சம் நின்றார்.
அடுத்த மாதம் கணக்குச் சரியாக வந்துவிடும்.
ஒருவருக்கு ஒன்று, மிச்சம் இல்லை.

"என் சைக்கிளை யாருக்காவது கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்,"
ஞானதுரை முட்டியிலிருந்து புல்லைத் தட்டினார்.
"செயின் சரியில்லை."

போன வாரம்தான் புதுச் செயின் மாட்டியிருந்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.