ஆஸ்பத்திரியடி இறக்கம்

பன்னிரண்டு வருசமா
எழுநூற்றைம்பதாம் இலக்க மினிபஸ்சில்
நான் பின்னுக்குத் திரும்பிப் பார்த்ததில்லை.
தவரூபனின்ர குரல்தான் என்ர பின்கண்ணாடி.
அவன் "றைட்" எண்டால் கால் தானா அழுத்தும்.
கைப்பிள்ளைக்காறி இறங்கிறாளோ
வெங்காயச் சாக்கு ஏறுதோ
அந்தக் குரலின்ர நீளத்தில தெரியும்.

வியாழன் காலமை குரலுக்குள்ள மண் விழுந்தது.
நெல்லியடி வந்தது.
வல்லைவெளி காத்தோட வந்தது.
ஆவரங்கால் பாதிதான் வந்தது.
"தொண்டை நோ அண்ணை, மாறிடும்."
நானும் அதையேதான் சொன்னன்.
உப்புத்தண்ணி கொப்பளி, மல்லி அவிச்சுக் குடி.
சில்லறை எண்ணுற கையில
ரெண்டு பனடோல் வைச்சன்.
தொண்டை நோவுக்கெல்லாம் பஸ் நிக்குமே?

வெள்ளி அவன் நீர்வேலியைக் கூப்பிடேல்லை.
தகரத்தில தட்டினான்:
ஒண்டெண்டால் நில், ரெண்டெண்டால் போ.
சனம் சிரிச்சது. நானும்தான்.
மிச்சக்காசு வாங்கின ரீச்சர் ஒரு ஆள்
"தம்பி, கை கொதிக்குது" எண்டா.
அவன் அடுத்த சீற்றுக்குப் போட்டான்.

சனி முகூர்த்தநாள், நெரிசல்.
சுடுகிழங்கு வாய்க்குள்ள கிடக்கிறமாதிரிப் பேச்சு.
எச்சிலை விழுங்காமல் லேஞ்சியில துப்பினான்.
கோப்பாய்ச் சந்தியில தண்ணிப் போத்தலை நீட்டினன்.
ரெண்டு விரல் நுழையிற அளவுக்கும் வாய் திறக்கேல்லை.
தண்ணி கடைவாயால வழிஞ்சு
டிக்கற் கட்டை நனைச்சது.

அப்பதான் திரும்பிப் பார்த்தன்.
கழுத்து ஒரு பக்கம் வீங்கி,
தலை சரிஞ்சு,
சட்டை வேர்வையில ஒட்டி.

மூண்டு நாளா, நாளுக்கு நாலு தரம்,
பெரியாஸ்பத்திரி மதிலடியில
கத்தியும் தட்டியும்
ஊரையெல்லாம் இறக்கி விட்டவன்
தான் இறங்கேல்லை.
நானும் பிறேக்கில கால் வைச்சபடி
முன்னுக்கு இருந்தன்.

டொக்டர் பெட்டைக்கு என்ர மகளின்ர வயசிருக்கும்.
டோர்ச் அடிச்சுப் பார்த்தா.
உள்நாக்கு ஒரு கரைக்குத் தள்ளுப்பட்டுக் கிடந்ததாம்.
"சீழ் கட்டியிருக்கு. எப்ப துவங்கினது?"
எனக்குத் திகதி வாயில வரேல்லை.
"ஆவரங்காலில," எண்டன்.
"பிறகு நீர்வேலி போச்சு. இண்டைக்குக் கோப்பாய்."
எழுதின பேனை நிண்டது.
"இனி மூச்சுத்தான் மிச்சமிருந்தது," எண்டா.

ஊசியால இழுத்ததைக் காட்டினவை.
ஒரு தேக்கரண்டி இருக்கும்.
அவ்வளவுக்குத்தானா, கடவுளே.

அவன் வாட்டில. நானே ஓடி நானே கத்திறன்.
நேற்றுக் கல்வியங்காட்டில ஏறின ஒரு பிள்ளைத்தாய்
மதிலடி வந்தும் எழும்பேல்லை.
"நாலு நாள் காய்ச்சல் அண்ணை, விடியப்புறம் விட்டிட்டுது.
அதுதான், திரும்பிப் போவமோ எண்டு..."
தோளில பெடியன் துவண்டு கிடந்தான்.
விடியத் துவங்கி மூண்டு தரம் சத்தி.
வயித்தைப் பிடிச்சுக்கொண்டு அழுதவனாம்.
காலைத் தொட்டன்: ஐஸ்.
மாரி காலம். எல்லா ஒழுங்கையிலும் நுளம்பு.

நான் டொக்டர் இல்லைத் தங்கச்சி.
காய்ச்சல் விட்ட பிள்ளை விளையாடக் கேக்கும்,
இப்பிடிக் கிடக்காது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவ யோசிச்சா.
நான் எஞ்சினை நிப்பாட்டினன்.
பின்னால வந்த கொடிகாமம் பஸ்
ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டது.
அடிக்கட்டும்.