இரண்டாம் ஆட்டம்

புதுப்பேட்டையில் துளசிங்கம்
என் வண்டியின் முன்மூலையில் உள்ளங்கை வைத்து
உடம்பின் எடையெல்லாம் இறக்கி
சட்டென்று விட்டார்.
எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.
அப்புறம் சின்னதாய் ஒரு தலையாட்டல்,
ஆமாம் ஆமாம் என்பதுபோல.
"போச்சு டாக்டர்."

ஆடும் பல்லை அசைத்துப் பார்த்து
இதே குரலில் இதே சொல்லை
ஆதம்பாக்கத்தில் நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிறவள் நான்.
எதிர்ப்பக்கம் நின்று கேட்பது வேறு.

தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பி
கறுப்பாய் ஒரு காலுறை.
டயரின் உள்விளிம்பு மேடும் பள்ளமுமாய்த் தேய்ந்திருந்தது.
எத்தனை மாதமாய் இப்படி என்றேன்.
"உங்களுக்குத்தான் தெரியணும்."

முதலில் ஒரு ஜோடி எடுத்து வந்தார்,
ஆம்பூர் பக்கம் லாரிக்குள் போன வண்டியுடையது.
"பின்னாடி மட்டும் புதுசு மாதிரி இருக்கு."
சாக்பீஸால் இடது வலது எழுதியிருந்தது.
ஓட்டினவரைப் பற்றி நான் கேட்கவில்லை.
கையில் வாங்கினேன். எதிர்பார்த்ததைவிட கனம்.
கீழே வைத்துவிட்டு
கையை துப்பட்டாவில் துடைத்தேன்,
அதில் கறை இல்லை என்றாலும்.

பிறகு மஞ்சள் பெட்டி. ஜெர்மன் சரக்கு.
நாலும் சேர்த்து எண்பத்தாறாயிரம், பில் வேண்டுமென்றால் மேலே.
தலையில் ஒரு திருகு, பதினாறு கிளிக்.
ஒவ்வொரு கிளிக்குக்கும் இரும்பு
இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகும்.

"ட்ராக்குக்கு எவ்ளோ தடவை போவீங்க?"
மாசம் ஒரு தடவை என்றேன்.
பொய். போன வருஷம் இருங்காட்டுக்கோட்டையில்
மூன்று ஞாயிறு, அதில் ஒன்று மழை.
மீதி நாளெல்லாம்
கிளினிக்கிலிருந்து வீடு, நாலு கிலோமீட்டர்,
பதினோரு வேகத்தடை,
ஒன்றுக்கும் வெள்ளை அடித்ததில்லை;
மெட்ரோ தோண்டி மூடிய இடங்களில்
இரும்புத் தகடு டடக் என்று பேர் சொல்லிக் கூப்பிடும்.
நவம்பரில் பள்ளிக்கரணை
தன் தண்ணீரைத் திருப்பிக் கேட்கும்போது
ஒரு இஞ்ச் தாழ்த்திய வண்டியில் என்ன சொல்லிப் போவது?
அதனால் உயரம் குறைக்க வேண்டாம் என்றேன்.
அதில் மட்டும் புத்திசாலி.

கபிலனுக்குப் போன் போட்டேன்.
முதுகில் தட்டு நகர்ந்து
வேளச்சேரி சாலை முழுவதையும்
இடுப்பால் மனப்பாடம் செய்திருக்கிற மனிதன்.
"உனக்குப் பிடிச்சதைப் போடு" என்றான்.
பதினெட்டு வருஷம் ஆகிறது,
அந்த வாக்கியத்துக்கு இன்னும் அர்த்தம் தெரியவில்லை.

அதிர்வுதாங்கி என்கிறோம். பெயரே தப்பு.
அடியைத் தாங்குவது சுருள்வில்.
தாங்கிவிட்டு சும்மா இருக்காது,
வாங்கியதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.
போதும் என்பதுதான் இதன் வேலை.
எண்ணெயை ஊசித்துளைக்குள் நசுக்கி
அந்தப் பேச்சையெல்லாம் சூடாக்கி
தன் உடம்பு வழியாகக் காற்றில் விடும்.
ராத்திரி வண்டி நின்றதும் தொட்டால்
வெதுவெதுப்பாய் இருக்குமாம்.

மஞ்சளே போடுங்க. நாலும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியில்
ரிஸ்வான் ஏறி நின்று போல்ட்டை இளக்கினான்.
கடைசி போல்ட் துருப்பிடித்து அடம்பிடித்தது.
"ஊருக்கு நாலு கிளிக், ரேசுக்குப் பன்னெண்டு,
எதுல விடட்டும்?"
ஆறு என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

வெளியே வந்தபோது
அண்ணா சாலையில் இரண்டாம் ஆட்டத்துக்குக் கூட்டம்.
கிண்டி வரை ஒன்றும் தெரியவில்லை.
எங்கள் தெருமுனையில்தான் அந்தப் பதினோராவது தடை,
இருட்டில், எப்போதும்போல் பிந்தித் தெரிந்தது.
ஏறியது. இறங்கியது.
அவ்வளவுதான்.

தோள் இறுகிக் காத்திருந்தது.
வயிறு காத்திருந்தது. பல்லைக் கடித்திருந்தேன்.
வரவேண்டிய அடுத்த ஆட்டம் வரவில்லை.

பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினேன்.
மறுபடி.
நாலாவது தடவை
வாட்ச்மேன் ஏகாம்பரம் நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார்.
நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து
டார்ச் அடித்துக் குனிந்து
தார் ரோட்டில் தேடத் தொடங்கினார்.