கடைசி இலக்கம்

மஞ்சக்குப்பத்தில், மின்விசிறி அரை மனதாய்ச் சுற்றும் அறையில்
இருநூற்று நாற்பது படிவங்கள்.
கேள்வி ஒன்றுதான்:
கருவாடு அதிகம் தின்பவருக்கு
ரத்த அழுத்தம் அதிகமா?

பாதி, சிங்காரத்தோப்பில் அஞ்சலாட்சி எடுத்தது.
பாதி, சோனங்குப்பத்தில் புவியரசன்.
படிவத்துக்கு நாற்பது ரூபாய், பஸ் செலவு தனி.

கணினியில் ஏற்றும்போதே விரலுக்குத் தட்டியது.
அஞ்சலாட்சியின் எண்கள்
நூற்று இருபது, நூற்று நாற்பது, நூற்று முப்பது,
மறுபடியும் நூற்று நாற்பது.
கரண்ட் கம்பியில் காக்கைகள் மாதிரி
எல்லாம் சுழியத்தில் வந்து உட்காருகின்றன.
மனுஷ ரத்தம் பத்துப் பத்தாகவா ஓடும்?

புவியரசனுடையவையோ
நூற்று முப்பத்தேழு, நூற்று இருபத்துநாலு,
நூற்று ஐம்பத்தொன்று, நூற்று நாற்பத்து மூன்று.
எந்த இலக்கமும் எதையும் முந்தாமல்
சிதறிக் கிடந்தன, நிஜத்தைப் போலவே.
புள்ளியியல் படித்த பையன்.
கையெழுத்தும் அழகு.

பச்சை மையில் அஞ்சலாட்சி பெயருக்கு எதிரே
ஒரு கேள்விக்குறி.
மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணா? நாலு தடவ வந்துச்சு.
நாங்க கடல்ல இருந்தா சாயந்தரம் வரும்,
தூங்கினா எழுப்பும்.
கையில பட்டையைக் கட்டி நசுக்கிட்டுத்தான் விடும்."
வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் சிரிக்காமல் சொன்னார்.
பூட்டிக் கிடந்த வீடுகளைக்கூட அவள்
தன் நோட்டில் பூட்டியவை என்றே எழுதியிருந்தாள்.

படகு நிழலில் பெட்டியைத் திறந்து
எனக்கே போட்டாள்.
பாதரசம் ஏறியது, தயங்கித் தயங்கி இறங்கியது.
"நூத்தி முப்பது."
நல்லா குனிஞ்சு பாரு.
"...நூத்தி இருபத்தாறு. ரவுண்டா சொன்னாத்தான்
எல்லாருக்கும் புரியுது மேடம்."

நூற்று முப்பத்தாறை நூற்று நாற்பதாக்கினால்
யாரோ ஒருவர் வீணாக மாத்திரை விழுங்குவார்
என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.
கேள்விக்குறியை அடிக்கவா விடவா என்று யோசித்தபடி
நானும் குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன்.
கோடுகள் இரண்டிரண்டாய் ஏறின:
நூற்று இருபது, இருபத்திரண்டு, இருபத்துநாலு.
நடுவில் ஒன்றுமில்லை.

பஸ் கெடிலம் பாலத்தில் ஏறியபோதுதான் உறைத்தது.
இருவருக்கும் ஒரே கடையில் வாங்கிய மானி.
அப்படியானால்
நூற்று முப்பத்தேழை அவன்
எந்தக் கோட்டில் படித்தான்?

"பதிமூணு வீடு நிஜமாப் போனேன் மேடம்.
அப்புறம் வெயில்."
எந்தப் பதிமூன்று?
அவனுக்கே நினைவில்லை.
இலக்கங்கள் சீராகப் பரவ வேண்டும் என்பது வரை
பாடத்தில் படித்திருக்கிறான்.
கருவியைப் பார்க்கத்தான் நேரமில்லை.

அவனுடைய நூற்று இருபதையும் விலக்கிக் கணக்கிட்டேன்.
கருவாட்டுக்கும் ரத்தத்துக்கும் இருந்த உறவு
அவற்றோடு கழன்று போயிற்று.
"தலைப்பே போச்சே," என்றார் டாக்டர் சிகாமணி.
பிறகு மெதுவாக,
"ஒற்றைப்படையை மட்டும் தூக்கினால் போதாதா?"
கேட்க நியாயம் போலத்தான் இருந்தது.
இரட்டைப்படையில் விழுந்ததால்
பொய்யில் பாதி மெய்யாகிவிடுமா?
இதை நான் அவரிடம் கேட்கவில்லை.
மூன்று நாள் கழித்து
அறிக்கையில் ஒரு வரியாக எழுதினேன்:
கருவியில் இல்லாத எண்கள் கொண்ட தொகுதி,
முழுவதும் நீக்கப்பட்டது.
அதற்குக் கீழே இன்னொன்று:
மீதித் தொகுதியில், அருகிலுள்ள பத்துக்கு நகர்த்திய வழக்கம் உண்டு.
அவர் கையெழுத்துப் போட்டார்,
பேனாவை மூடாமலே எழுந்து போனார்.

முதுநகர் மார்க்கெட்டில் கருவாடு விற்கும் பவுனம்மாள்,
எங்கள் படிவத்தில் எழுபத்திரண்டாம் எண்,
தூரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.
"என்னாம்மா, தின்னலாமா கூடாதா?"
இன்னும் தெரியல.
"அதைச் சொல்லவா ஒரு வருஷம்?"

ஆமாம் என்றேன்.
கால் கிலோ நெத்திலி வாங்கினேன்.