முப்பது கிலோ

மஸ்கட்டிலிருந்து வந்த கடிதம்
'அன்புள்ள சாத்தையா' என்று தொடங்குகிறது.
அது என் அப்பா.
நான் பொன்னழகு.
சா. என்ற ஓரெழுத்தாக
இத்தனை வருஷம் எனக்கு முன்னால் ஒண்டிக்கிடந்தவர்
பாஸ்போர்ட்டில் காலை நீட்டிவிட்டார்.
அறந்தாங்கியில் இன்னொரு குடும்பத்துக்கு
மீன் வாங்கிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது,
ஒன்றாம் தேதியிலிருந்து கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில்
அவருக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று.

திருத்த முடியுமா என்று கேட்டேன்.
செக்காலை ரோட்டு ஏஜென்ட்
கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்:
'முடியும்மா. விசா முதல்லேருந்து வரும்.'
சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிலிண்டரை ஒப்படைத்தேன்.
ரெகுலேட்டரில் இருக்கும் நம்பரும்
புத்தகத்தில் இருக்கும் நம்பரும் வேறு வேறாம்.
எட்டு வருஷம் யார் வீட்டு நெருப்பில் சமைத்தேனோ,
டெபாசிட்டில் நூற்றைம்பது பிடித்துக்கொண்டார்கள்.

சீட்டு இன்னும் ஏழு மாதம் இருந்தது.
தள்ளி எடுத்து டிக்கெட் போட்டேன்.

ஸ்கூட்டி ஜெபமலருக்கு.
காலையில் ஸ்டார்ட் ஆகாது, திட்டாதே,
வலப்பக்கம் சாய்த்து மூன்று எண்ணு என்றேன்.
பாக்கி நாலாயிரம் தீபாவளிக்குள்.
ஆர்சி புத்தகம் இன்னும் என் பெயரில்தான்;
அவள் எங்கே இடித்தாலும் இடித்தது நான்.

போலீஸ் சரிபார்ப்புக்கு வந்தவர்
பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்.
'சத்தமே வராத வீடு சார்.'
நன்னடத்தை என்று எழுதிக்கொண்டு போனார்.
அன்றைக்கு ராத்திரி
காரணமில்லாமல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன்.

சிம் இங்கேயே இருக்க வேண்டும் என்றாள் ரஹ்மத்நிஷா.
பேங்க், ஆதார், பி.எஃப் எல்லாக் கதவும்
அந்த நம்பருக்குத்தான் திறக்கும்.
அவளுடைய பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்தேன்.
பிரிட்ஜ் மேல், சார்ஜரோடு,
மின்வாரிய அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.
நான் அங்கே கேட்க
அவள் இங்கே ஆறு எண் வாசிப்பாள்,
பத்து நிமிஷத்துக்குள்.
வேறு மெசேஜ் வந்தால் வாசிக்காதே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
யார் அனுப்பப்போகிறார்கள்,
சொல்லவில்லை.

ஒப்படைக்க மிச்சமிருந்தது வைரவனின் இடது கை.
டவுன் பஸ் கண்டக்டர்.
செவ்வாய், வெள்ளி, காலை ஷிப்ட்,
ஜன்னலோர மெஷின்.
முழங்கைக்கு இரண்டு விரல் மேலே,
ஊசியைப் படுக்கவைத்துப் போ சேவுகா,
பக்கத்தில் பழைய வீக்கம், அங்கே குத்தாதே,
விரல் வைத்தால் மில் ஓடுவதுபோல் அதிரும்,
அதிராத நாளில் உடனே டாக்டரைக் கூப்பிடு.
ஒப்படைப்புப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
அளவெடுத்த மாதிரி ஒரு வரி:
நோயாளி எண், ரத்த வகை, கையெழுத்து.

சேவுகன் முதல் தடவை தப்பவிட்டான்.
நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
இரண்டாவதில் ரத்தம் குழாயில் ஏறியது.
வைரவன் கண்ணை மூடியபடி
பஸ்ஸில் கத்துகிற அதே குரலில்,
'இறங்குறவுக எல்லாம் முன்னாடி வாங்க!'
பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார்.
எனக்கு அப்போதுதான்
மெஷினில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது.

சூட்கேஸை எடைபோட வீட்டில் தராசு இல்லை.
புதுவயல் மில்லுக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம்.
நெல் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றினால்
முப்பத்து நான்கு.
புளியை எடுத்தேன், இட்லித் தட்டை எடுத்தேன்.
முப்பத்தொன்று.
குளிருக்கு என்று வாங்கிய ஸ்வெட்டர்,
மஸ்கட்டில் என்ன குளிர், அதையும்.
முப்பதரை.

'சாக்குக்கு அரைக் கிலோ கழிச்சிருவோம் ஆத்தா,
கணக்குச் சரியாப் போச்சு'
என்றார் எடைபோடுகிறவர்.
ஏர்லைன்ஸ்காரனுக்கு அது தெரிய வேண்டுமே.
காசு நீட்டினேன். வாங்கவில்லை,
நெல்லுக்குத்தான் கூலியாம்.

சூட்கேஸை இறக்கியதும்
செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறி நின்றேன்.
முள் கொஞ்சம் ஆடி நின்றது.
ஐம்பத்திரண்டு.
சாக்கைக் கழிக்காமல்.