இரண்டு மணிக்கு ஒருமுறை

பத்துக்கு இடப்பக்கம்.
பன்னிரண்டுக்கு மல்லாக்க.
இரண்டுக்கு வலப்பக்கம்.
கடிகார முள்ளோடு சேர்ந்து
நானும் மனிதர்களைத் திருப்புகிறேன்,
ஜெலுத்தோங்கில்,
டயர்க் கடைக்குப் பின்னால்,
பதினோரு கட்டில் போட்ட முதியோர் இல்லத்தில்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை.
தோலின் பணிகள் ஐந்தினை எழுதுக.
காக்கும், வியர்க்கும், உணரும் என்று போகிறது புத்தகம்.
நான் தோலைப் படித்தது
சவரிராயன் அண்ணனின் குதிகாலில்.
சிவந்த இடத்தில் விரல் வைத்து அழுத்துவேன், எடுப்பேன்.
வெளுத்துப் பிறகு சிவந்தால்
ரத்தம் இன்னும் வந்து போகிறது.
வெளுக்காமல் அப்படியே நின்றால்
உள்ளே ஏதோ சாகத் தொடங்கிவிட்டது.
முப்பது வருடம்
பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் லோரி ஓட்டி
எண்ணெய் மிதிக்குப் பக்கத்தில் ஊன்றியே இருந்த குதிகால்.
இப்போது ஒரு போர்வை அதற்குப் பாரம்.

புவான் ரொக்கியாவுக்கு வாதம் அடித்தது வலப்பக்கம்.
சட்டை போடும்போது வராத கை முதலில்,
கழற்றும்போது அதுவே கடைசியில்.
முதல் வாரம் மாற்றிச் செய்து
அவரை அழ வைத்திருக்கிறேன்.
தண்ணீர்கூட அவருக்குக் கஞ்சிபோல் கெட்டியாக வேண்டும்.
மெல்லிய நீர்
வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும்.
"ஆயேர், ஆயேர்" என்று கேட்பார்.
கரண்டியில் கொடுத்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
தண்ணீரைத் தின்னச் சொன்னால்
யாருக்குத்தான் கோபம் வராது?

மிஸ்டர் ஓங்
தேங்க்யூ சொல்லாமல் ஒருநாளும்
மூத்திரக் குடுவையை நீட்டியதில்லை.
செவ்வாய் இரவு என்னைத் திருடன் என்றார்.
சுவரில் கப்பல் வருகிறது, கயிற்றைப் பிடி என்றார்.
தொலைபேசியில் மகன் சொன்னான்:
வயசாகிவிட்டது, மூளை போய்விட்டது.
காய்ச்சல் இல்லை.
வலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.
குடுவை மட்டும் கலங்கி,
மீன் சந்தையின் கடைசி வாளிபோல் நாறியது.
மணியையும் நிறத்தையும் எழுதினேன்.
சிஸ்டரை எழுப்பினேன்.
நோயைக் கண்டுபிடிப்பது என் வேலையல்ல,
கண்டதைச் சொல்வது.
மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள்
தேங்க்யூ திரும்பி வந்தது.
கப்பல் எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு இனிப்பு நீர்க்காரர்கள்.
மிஸஸ் தியோ, மருந்துக்கடையில்
இருபத்தாறு வருடம் மாத்திரை எண்ணியவர்.
மகள் பெயர் மறந்துபோயிற்று, எண்கள் மறக்கவில்லை.
ஏழு புள்ளி ஒன்று.
தலையாட்டினார்.
பிறகு என் கையைப் பற்றி
உள்ளங்கையை மேலே திருப்பி
"நெக்ஸ்ட்" என்றார்.

விளையாட்டுக்குத்தான்.
புது ஊசி, புதுப் பட்டை.
சொட்டு ரத்தம்.

பதினான்கு புள்ளி எட்டு.

அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.
ராத்திரி வேலைக்கென்று பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கும்
மூன்று தே தாரிக்,
நின்ற களைப்பு என்று நான் நினைத்த
பாதத்து எறும்புகள்,
ஒரு ஷிப்டில் ஏழு தரம் கழிப்பறை,
அப்பாவின் ஒற்றைச் செருப்பு,
எல்லாம் ஒவ்வொன்றாய்
கட்டிலைச் சுற்றி வந்து நின்றன.

சார்ட்டில் பதினோரு பெயர்.
என் பெயருக்குக் கட்டம் இல்லை.
பரீட்சைப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்தேன்,
சுரப்பிகள் பற்றிய ஏழாம் பாடத்தில்.
கேள்வி வராது என்று
நான் தாண்டிப் போன பாடம்.

ஷிப்ட் முடிந்து
துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து
சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும்.
என் குதிகாலில் என் கட்டைவிரலை வைத்து
அழுத்தினேன்.
எடுத்தேன்.

வெளுத்தது.
சிவப்பு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது,
காலை நெரிசலில்
பாலத்து நடுவே மாட்டிக்கொண்ட
லோரி மாதிரி.