ஏழு பாகம்

கடல் முதலில் விழுங்குவது சிவப்பை.
இரண்டு பாகம் இறங்கியதும் என் கையுறை
காய்ந்த புளியங்கொட்டை நிறம்.
நாலு பாகத்தில் அதுவும் இல்லை.
போன மாசம் நெருப்பு முருகை உரசி விரல் கிழிந்தபோது
என்னிலிருந்து பச்சையாய் ஏதோ புகைந்து போனது.
வேறு யாருடையதோ என்பதுபோல்
பார்த்துக்கொண்டு நின்றேன்.

அளம்பிலுக்கு நேரே அரை மணி ஓட்டம்.
நேவிக் கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றி
அணியத்தில் செருகியிருக்கிறார் கயித்தான் அண்ணை.
கரையின் தண்ணீர்த்தாங்கியையும் ஒற்றைப் பனையையும்
ஒரே கோட்டில் கொண்டுவந்து எஞ்சினை நிற்பாட்டி
"பார்" என்கிறார்.
பார் என்றால் எங்களுக்குக் கடலடிக் கல்.
கண்ணைத் திற என்பதும் அதே சொல்தான்.
எதைச் சொன்னார் என்று
இன்றுவரை கேட்டதில்லை.

கீழே சத்தம். படத்தில் விழாத சத்தம்.
கிளிமீன்கள் முருகையைக் கடிக்கின்றன,
அரிசியில் கல் கிடந்த பந்தியொன்று
நாள் முழுக்க நடப்பதுபோல.
ஓராக் கூட்டம் என்னிடம் வந்து பிளந்து
பின்னால் மூடிக்கொள்கிறது,
சந்தை வழியில் மாடு நின்றால்
சனம் விலகிப் போகுமே, அப்படி.
பொந்துக்குள் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.
கோபமில்லை. அதற்கு மூச்சு அப்படி.
எனக்கோ, மூச்சை அடக்கினால் மீன் நெருங்கும்,
அடக்கியபடி மேலே எழும்பினால் நெஞ்சு கிழியும்.
இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல படம் இருக்கிறது,
அநேகமாய் எனக்குக் கிடைப்பதில்லை.

தெற்கு ஓரம், மணல் தொடங்குகிற இடத்தில்
கல்லுக்கு இருக்கக்கூடாத வளைவொன்று.
கல்லுக்கு ஏது கழுத்து?
கிட்டப் போனேன்.
தையல் மெசின்.
மேசை இல்லை, தலை மட்டும்.
சக்கரத்தின்மேல் மூளைபோல் மடிந்த முருகை
உள்ளங்கை அளவு.
ஊசி இருந்த இடத்துக்குக் கீழே
நீலக்கோட்டு மீனொன்று கடை வைத்திருக்கிறது.
என் முழங்கை நீளக் கலவாய்
வாயைப் பிளந்து செவுளை விரித்து
அசையாமல் நிற்கிறது,
சட்டைக்கு அளவு கொடுக்கிறவர்கள்
கையைத் தூக்கி நிற்பதுபோல.
சின்னது வாய்க்குள் போகிறது,
செவுளால் வருகிறது.
பல்லிடுக்கில் எதையோ பிடுங்குகிறது.
அவசரமே இல்லை.

ஃபிளாஷ் அடித்தேன்.
இமை மூடாத ஒரு துண்டு நேரம்
எல்லாச் சிவப்பும் திரும்பி வந்தது.
கலவாய் முழுக்கச் செம்மை, நீலப் புள்ளிகளோடு.
துருவும் செம்மை. நான் எதிர்பார்க்காத இடங்களிலும்.
பிறகு நீலம் மூடிக்கொண்டது.
காற்றுமானி ஐம்பது காட்டியது.

வள்ளத்தில் கமராவை வாங்கி
உப்புப் பெருவிரலால் படத்தைப் பெரிதாக்கினார்.
மீனைப் பார்க்கவில்லை.
"சக்கரம் சுத்துதோ?"
"நான் தொடேல்லை."
"நல்லது."
எஞ்சின் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை.
இன்னொரு தரம். பிடிக்கவில்லை.
"அவ அதில ஒருத்தரையும் தொட விடுறேல்லை."
மூன்றாம் இழுவையில் பிடித்தது.
எவ என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அந்த இரைச்சலில்
அவருக்கு விளங்கியிருக்காது.

இரவு, வாடியில், மடிக்கணினியில் படிவம்.
உயிர் முருகை, செத்த முருகை, மணல், கல், குப்பை.
ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டம் நிரப்பிக்
கொழும்புக்கு விடியமுன் அனுப்பவேண்டும்.
கலவாய் ஒன்று என்று அடித்தேன்.
நீலக்கோடன் ஒன்று.
அம்புக்குறி குப்பைக்கு நேரே போய்
துடித்துக்கொண்டு நின்றது.
படத்தைப் பெரிதாக்கினேன்.
மெசினின் கழுத்தில், துருவுக்குள்,
நகமளவு பொன் பூவேலை இன்னும் இருந்தது.

போன் அடித்தது. கயித்தான் அண்ணை.
"நாளைக்குக் காத்தில்லை. கடல் படுத்திருக்கும்."
"ஓம்."
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
"நான் முந்திச் சங்கு குளிச்சனான், தெரியுமோ?
ஒரு சிலிண்டர் கூட ஏத்தட்டோ?"
"ஏத்துங்கோ" என்றேன்.