மூன்றாவது துளை

கப்பலுக்கு உப்பனாறு என்று பெயர் வைத்தேன்.
சின்னதாக இரண்டு, நடுத்தரமாய் ஒன்று,
ஆயுதம் மாட்ட மூன்றே துளை.
அதற்குமேல் இடமில்லை என்று
கடைத்திரை கறாராகச் சொல்லிவிட்டது.

தடைக்காலம்.
முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன.
படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம்,
ஐஸ் வேண்டாமென்றால் நான் வேண்டாம்.
ஐஸ் கம்பெனியில் கம்பிரசர் பார்க்கிறவன் கையில்
அறுபத்தோரு ராத்திரி.

முதல் வாரம் மூன்றிலும் லேசர்.
எதிரியின் கவசத்தை மெழுகாய் உருக்கும்.
உருக்கிய பிறகு
உள்ளே இருக்கிற இரும்பைத் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான்.
அதற்குள் என் கப்பல் கொதித்து
சிவப்பு விளக்கு, ஊளை.
திரைக்கு இந்தப் பக்கம்
சிபியூவின் தகட்டைக் கழற்றிவைத்து
டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு
அக்னி நட்சத்திரத்தில் நான் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

"தோட்டா போடு" என்றான் நெய்னா.
பரங்கிப்பேட்டைக்காரன்.
தோஹாவில் ஏதோ கிடங்குக்கு ராத்திரி காவல்.
குரல் மட்டும் என் காதில்,
அதுவும் ஒரு மூச்சு தாமதமாக.
போட்டேன். இரும்பைக் கிழிக்கிறது, சரி.
கவசத்தின்மேல் பட்டால்
தகரக்கூரையில் தூறல்.
எண்ணி ஆயிரத்து இருநூறு.
தீர்ந்தால் நிலையம்வரை போய் நிரப்ப வேண்டும்,
போகிற வழியில் எவனாவது காத்திருப்பான்.

தானே குறிபார்க்கும் சட்டம் ஒன்று விற்கிறார்கள்.
அவன் எங்கே திரும்பினாலும் துப்பாக்கியும் திரும்பும்.
சௌகரியம்தான்.
ஆனால் அடியில் கால்வாசியைப் பிடித்துக்கொள்கிறது.
மீன் ஏலத்தில் கமிஷன் பார்த்தவனுக்கு
இது புதுசில்லை. கழற்றிவிட்டேன்.
இனி மூக்கு எங்கேயோ அங்கேதான் குறி.
அவன் இருக்கிற இடம் பழசு,
வரப்போகிற இடத்தில் சுட வேண்டும்.

பிறகு ஏவுகணை.
நான்கு. ஒவ்வொன்றும் ஒரு ராத்திரிச் சம்பாத்தியம்.
"இவனுக்கு எதற்கு, பெரியவன் வருவான்" என்று வைத்திருந்தேன்.
பெரியவன் வந்தான்.
"அவன் கவசம் இறங்கட்டும்" என்றேன்.
என் கவசம் இறங்கியது.
நான்கும் நுனி கசங்காமல் என்னோடு வெடித்தன.
பதினோரு தடவை.
"உன் கல்யாணச் சட்டைகூட
இன்னும் பெட்டியில்தானே இருக்கு?" என்றான் நெய்னா.
இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

அறுபதாம் ராத்திரி
ஏவுகணைகளை விற்றேன்.
ஒன்றில் லேசர், ஒன்றில் தோட்டா,
நடுத்துளை காலி.
"பைத்தியமாடா?"
திரையும் அதையே மஞ்சள் எழுத்தில் கேட்டது:
ஆயுதம் இல்லை, தொடரவா?
தொடர்ந்தேன்.
வலை இறக்கிய ஃபைபர் படகு மாதிரி
நிமிர்ந்தது உப்பனாறு.

வளையக் கற்களுக்கிடையே இரண்டு பேர்.
ஒருவன் நெய்னாவைத் துரத்திப் போனான்,
மற்றவன் என்னை.
லேசரால் அவன் கவசத்தைச் சீவச் சீவ
வெப்பமுள் ஏறியது,
தொண்ணூறு, தொண்ணூற்றாறு.
பத்து வருஷமாய் அழுத்தமுள் பார்க்கிற கை
என்னைக் கேட்காமலே
எல்லாவற்றையும் நிறுத்தியது.
எஞ்சின், விளக்கு, கவசம்கூட.
அம்மோனியா வால்வை மூடியதும்
கம்பெனிக்குள் ஒரு அமைதி வருமே, அது வந்தது.
கல்லோடு கல்லாய் மிதந்தேன்.
சூடில்லாத கப்பல் அவன் திரையில் தெரியாது.
தேடிக்கொண்டே வந்தவன்
என் மூக்குக்கு நேரே, மெதுவாக,
முதுகைக் காட்டித் திரும்பினான்.

இருநூறு தோட்டாகூட ஆகவில்லை.

சிதறல் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காதில் நெய்னா அலறினான்:
"இடப்பக்கம்! இடப்பக்கம் வர்றான்டா!"
வழக்கம்போலத் தாமதம் என்று சிரித்தேன்.

தாமதமில்லை. அது இரண்டாமவன்.
என் எஞ்சின் இன்னும் விழிக்கவில்லை.
அறுபது ராத்திரியில் முதன்முறையாக
விரல் தானாகப் போய் அழுத்தியது
ஏவுகணைப் பொத்தானை.

டிக்.